காடு விழித்திருந்த நாள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'தாலாட்டு'. கிண்டலாக யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. மலைச்சரிவு முழுக்க மரங்களில் கட்டியிருக்கும் சின்னப் பெட்டிகளைத் தூங்க வைப்பதுதான் அவள் வேலை. காட்டில் புகை கிளம்பினால் மோப்பம் பிடித்துச் சொல்லும் பெட்டிகள் அவை. கம்பி கிடையாது, உள்ளே ஒரு பேட்டரி, அவ்வளவுதான். ஓயாமல் விழித்திருந்தால் சில நாளில் செத்துப்போகும். அதனால் எல்லாம் சேர்ந்து தூங்கும், ஒரே நேரத்தில் கண் விழிக்கும், கைமாற்றிவிடுவதுபோல் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஒன்றின் கடிகாரம் கொஞ்சம் பிசகினாலும் போச்சு. அது கூப்பிடும்போது பக்கத்துப் பெட்டி உறங்கிக்கொண்டிருக்கும்.

வரும் கோடைக்குப் பேட்டரி தாங்க வேண்டுமே என்று அந்தத் தூக்கத்தை இன்னும் நீட்டியவளும் அவள்தான். மேலாளர்கூடப் பாராட்டினார்.

வீட்டில் மாமனார் இருந்தார். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். மறதி வந்த பிறகு வண்டியைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

"ஏம்மா, என் வண்டிய யாரு எடுத்தா?"

"சர்வீசுக்கு விட்டிருக்கு மாமா. சாப்பிட்டுட்டுப் போய் எடுத்துக்கலாம்."

அவரும் சமாதானமாகிவிடுவார். அவள் கணவனுக்கு இந்தப் பொய் வராது. அப்பாவோடு மல்லுக்கு நிற்பான். காட்டோரத்து வீடு என்பதால், மரம் வெட்டுகிறவர்கள் காட்டில் தொலைந்தால் கண்டுபிடிக்க அணியும் சின்ன மின்வில்லை ஒன்றை அவர் சட்டைக்கு உள்பக்கமாகத் தைத்து வைத்திருந்தாள். பெட்டிகள் விழிக்கும்போது அதுவும் விழித்து, இங்கே இருக்கிறேன் என்று சொல்லும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் எதிர்வீட்டு அக்கா போன் செய்தாள். "உங்க வீட்டுக் கதவு தொறந்து கெடக்கு. பெரியவரக் காணோமே?"

அவள் திரையைப் பார்த்தாள். கடைசியாக அவர் வில்லை கூப்பிட்டது பெரிய பள்ளத்தின் விளிம்பில். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பள்ளத்துக்குள் பெட்டிகள் கிடையாது. யாருடைய குரலும் எட்டாத இடத்தில், அந்தக் குளிரில், வில்லையின் கடிகாரம் தன் போக்கில் விலகிப் போயிருக்கும். அவர் மேலே ஏறி வந்தாலும் எல்லாம் தூங்கும்போதுதான் அது கூப்பிடும். பெட்டி கட்டிய மரத்தடியிலேயே அவர் கிடந்தாலும் தெரியப்போவதில்லை.

மேலாளரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

"எல்லாத்தையும் முழிச்சே இருக்கச் சொல்றேன் சார். அப்பத்தான் அது எப்ப கூப்பிட்டாலும் கேக்கும்."

"பேட்டரி?"

"போயிடும் சார்."

"அப்புறம் கோடைல காடே குருடா நிக்கும். தீ புடிச்சா கீழ இருக்கற குடும்பங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது? ஆளுங்கள அனுப்பித் தேடச் சொல்றேன்."

"எந்தப் பக்கம்னு தேடுவாங்க சார்?"

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பும் இல்லை. "மேலிடத்துல கேட்டுட்டு வரேன், இரு" என்று போனோடு வெளியே போனார். அவள் இருக்கவில்லை. கட்டளையை அனுப்பிவிட்டாள்.

அனுப்பினால் ஆயிற்றா? பெட்டிகள் விழித்தால்தானே கேட்கும்! தானே நீட்டி வைத்த தூக்கம் கலையும்வரை, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை தகரக்கூரையை உடைத்துவிடும்போல் அடித்தது. ஒருவழியாகப் பெட்டிகள் விழித்தன. கீழ்வரிசை கட்டளையை மேல்வரிசைக்குச் சொல்ல, எதுவும் மறுபடி தூங்கவில்லை. காடு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவைத் தேடிப் போயிருந்த கணவன் காட்டுக்குள்ளிருந்து போனில் கூப்பிட்டான். "ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லங்க."

"ஏதாவது சொல்லேன்! எந்தப் பக்கம் போறது நான்?"

பேட்டரி அளவுகள் கண்ணெதிரே இறங்கின. மேலாளர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "பண்ணிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மாலை இருட்டிக்கொண்டு வந்தபோது, யாரும் தேடாத கோடியில், பழைய வண்டிப்பாதை ஓரத்துப் பெட்டி ஒன்று மெலிதாக அவர் வில்லையின் எண்ணைச் சொன்னது.

"வண்டிப்பாதைங்க! சின்னப் பாலத்துக்கிட்ட! ஓடுங்க!"

பாலத்தடியில், இடுப்பளவு தண்ணீரில், ஒரு வேரைப் பிடித்தபடி இருந்தார். உடம்பு ஜில்லிட்டிருந்தது. உயிர் இருந்தது.

ஆனால் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். "தண்ணியோட போகாம நம்ம கையப் புடிச்சுக்கிட்டுப் போனாரே, அது போதும்" என்றான் கணவன். போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அனுமதி கொடுத்தது தான்தான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார் மேலாளர். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக ஏறிப் பேட்டரி மாற்றினாள். வந்த பேட்டரிகள் கீழ்ச்சரிவுக்கே சரியாகப் போயின. மீதி வந்து சேருவதற்குள் வெயில் ஏறி, காய்ந்த காற்று வீசத் தொடங்கிவிட்டது.

மேல்சரிவில் இன்னும் ஒரு பெட்டிகூட விழிக்கவில்லை. விடிந்ததும் அவள் காவல் பாறையில் ஏறி, வெறுங்கண்ணால் காட்டைப் பார்த்தபடி நிற்கிறாள். கீழே குடியிருப்பில் யாராவது குப்பையைக் கொளுத்தினாலும் அவள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.