கீவா பள்ளத்தாக்கில் அம்மா பார்த்த வீடு

ஏப்ரல். மெல்போர்னின் வடக்கு ஓரத்துக் கிரெய்கிபர்னிலிருந்து கீவா பள்ளத்தாக்கின் மவுண்ட் பியூட்டி ஊர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நிறுத்தி நிறுத்திப் போனால் காலை முழுதும் சாலைதான். ஓட்டியது நான். பக்கத்தில் தோழி தர்ஷினி, பின்னால் புட்டுப் பாத்திரத்தோடு அவள் அம்மா. தர்ஷினி நர்ஸ். அந்தப் பள்ளத்தாக்கின் சின்ன ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை தருகிறார்கள். அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவைத் தனியே விட்டு அவள் போகமாட்டாள். அம்மாவோ மெல்போர்னை விட்டு அசையமாட்டார். அவர் மனதை மாற்றத்தான் இந்தப் பயணம். எனக்கு ஊர் பார்க்க ஒரு சாக்கு.

அங்கே அது இலையுதிர்காலம்; மரங்கள் மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன. டவாங்காவில் சாலையோரம் ஒரு மேசை. அதன்மேல் செஸ்ட்நட் கொட்டைப் பைகள், விலை ஐந்து டாலர் என்ற அட்டை, காசு போட ஒரு டப்பா. ஆள் இல்லை. நான் பையை எடுத்ததும் அம்மா தடுத்தார்.

"வையுங்கோ பிள்ளை. ஆள் இல்லாமல் எடுத்தால் களவெல்லோ?"

"இங்க இப்படித்தான் விப்பாங்க, ஆன்ட்டி."

"அப்ப விலை பேசுறது ஆரோட?"

"அம்மா, விலை எழுதியிருக்கு," என்றாள் தர்ஷினி.

"எழுதினது அவையின்ர விலை."

வெகுநேரம் காத்திருந்தோம். கார் பழுதோ என்று கேட்டபடி எதிர்வீட்டு ஜேன் வந்தார், மேசைக்குச் சொந்தக்காரர். அம்மா நான்கு விரல் காட்டினார். ஜேன் சிரித்து நாலு டாலருக்கே கொடுத்து, டீக்கும் கூப்பிட்டார்.

ஜூலை. பனிக்காலத்தில் மலைச்சாலை ஏற, வழுக்காதிருக்க டயருக்குச் சங்கிலி கட்டாயம். வாடகைக்கு எடுத்துப் போனோம். போகாங் சிகரம் முழு வெள்ளை. புல்லில் உறைபனி நொறுங்கியது, ஊரெங்கும் விறகுப் புகை வாசம். நான் படமெடுத்துக் களைத்தேன். அம்மா தங்கிய அறையின் ஜன்னலோரமே இருந்தார்.

"அஞ்சு மணிக்கே ஊர் அடங்குது. நீ வேலைக்குப் போனால் நான் ஆரோட கதைக்கிறது?"

திரும்பும்போது வாங்கரட்டா பெட்ரோல் பங்கில் தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்: "மாட்டன் எண்டு எழுதப்போறன்."

"வசந்தத்தையும் பாத்துட்டு எழுதேன்," என்றேன்.

அக்டோபர். பனி உருகி ஆறு கரை தொட்டு ஓடியது. வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். நாங்கள் அறைகளை அளந்துகொண்டிருக்க, அம்மா சமையலறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்தால், நாயோடு ஒரு கிழவர், தபால்காரப் பெண், ஜேன் என்று மூவர் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெயில் பற்றி அம்மா கையால் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தார்.

"குசினி சின்னன்," என்றார் எழுந்தபடி.

தர்ஷினியின் முகம் வாடியது. "அப்ப வேண்டாமோ?"

"சின்னன் எண்டுதானே சொன்னனான். ரெண்டு பேருக்குப் பெரிசா என்னத்துக்கு?"

வழி நெடுக அவள் பதிலை ஃபோனில் எழுதி எழுதி அழித்தாள். வாங்கரட்டா தாண்டியதும் அனுப்பிவிட்டாள். கிரெய்கிபர்ன் நெருங்க, ஒன்றுபோல் ஒட்டிநின்ற கூரைகள் தெரிந்தன. என் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. தர்ஷினி வீட்டில் கழியும் என் சனிக்கிழமைகளும் இனிக் காலி.

"பிள்ளை, நீங்கள் எப்ப வாறியள்?" என்றார் அம்மா பின்னாலிருந்து.

"எங்க ஆன்ட்டி?"

"எங்கட வீட்டை."

இன்னும் சாவியே வாங்காத வீடு அது. தைப்பொங்கலுக்கு வர்றேன் என்றேன்.