யுனிவர்சிட்டிக்காரரின் அரியர்

என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணிக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் இன்னொரு பெயர் உண்டு. யுனிவர்சிட்டி. சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட் செக்‌ஷனில் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். ஷிப்ட் பஸ்ஸில் அவர் ஏறியதும், "யுனிவர்சிட்டி வந்துடுச்சிப்பா, ரைட் போலாம்" என்பார்களாம். அவருக்குக் கோபமே வராது, பூரித்துப் போவார். அதைப் பார்த்து எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வாயைத் திறந்தால் சிதம்பரம்தான். அங்கே இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் பொருளாதாரம் படித்தவர். நான் சாம்பார் வைத்தால், "எங்க மெஸ்ஸுல ஒரு வேளைக்கு ஆயிரம் பேருக்கு வைப்பாங்க அம்சா, ஒரு நாளும் உப்பு தப்பாது" என்பார். "அப்ப அங்கியே போயி சாப்புடுங்க" என்று தட்டை எடுத்துவிடுவேன்.

முதல் நாள் கதையை மட்டும் நூறு தடவை கேட்டிருப்பேன். வளாகம் ஓர் ஊர் அளவுக்கு இருந்திருக்கிறது. இவருக்கு வழி கேட்கக் கூச்சம். கூட்டமாகப் போன பையன்கள் பின்னாலேயே போய் ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் மிருதங்கத்தோடு உள்ளே வந்தாராம். பொருளாதாரத்துக்கு எதற்கு மிருதங்கம் என்று யோசித்துக்கொண்டே, எழுந்து போகவும் பயந்து, ஒரு மணி நேரம் தொடையில் தாளம் போட்டிருக்கிறார். இசை வகுப்பில் தவறி உட்கார்ந்த விஷயம் தெரிந்ததும் அந்த வாத்தியாரே தன் சைக்கிளில் இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்ப் பொருளாதாரத் துறை வாசலில் இறக்கிவிட்டாராம். "அவ்ளோ பெரிய எடத்துல, யாருன்னே தெரியாத எனக்கு ஒரு வாத்தியாரு சைக்கிள் மிதிச்சாரு அம்சா" என்று இன்றைக்கும் சொல்லி மாய்ந்துபோவார்.

கேலி ஒரு பக்கம் கிடக்கட்டும், உள்ளதைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும், சுற்றுப்பட்டு ஊர்களில் கல்லூரி வாசலையே பார்த்திராத பிள்ளைகள் ஐந்தாறு பேரைச் சிதம்பரம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். "படிக்கிறது அப்பறம். மொதல்ல எடத்த வந்து பாருங்க" என்பார். நூலகத்தைக் காட்டுவார், மர நிழலில் உட்காரவைத்துப் புளிசாதம் கொடுப்பார். அப்படிப் பார்த்துவிட்டு வந்து, பிடிவாதம் பிடித்துப் பட்டம் வாங்கினவர்கள் பதினோரு பேர். துணிக்கடை அல்லா பிச்சை பாயின் மகள் ஃபர்ஹீன் அதில் ஒருத்தி, இன்றைக்கு டீச்சர். கைக்காசைப் போட்டு இந்த வேலையை வேறு எவர் செய்வார்?

போன வருஷம் எங்கள் மகள் சத்யாவுக்குப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட மூன்று பேரும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். குடும்பத்தில் நீங்கள்தான் முதல் பட்டதாரியா என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்றால் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும், கட்டணத்தில் சலுகை உண்டு.

"இல்லன்னு போடுடி. உங்கப்பாதான் ஊரறிஞ்ச பட்டதாரியாச்சே" என்றேன்.

அவர் திரையில் இருந்த கேள்வியை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "ஆமான்னு போடு சத்யா" என்றார்.

"என்னங்க வெளையாட்டு இது?"

"எனக்கு ஒரு பேப்பர் அரியர் இருக்கு அம்சா. புள்ளியியல். அத மறுபடி எழுதற அன்னிக்கிதான் வேலைக்கி வந்து சேரச் சொல்லி ஆர்டர் வந்துச்சி. சுரங்கத்துக்கு நெலத்தக் குடுத்துட்டு எங்க வூடே அந்த வேலைக்காகக் காத்துக்கினு இருந்துச்சி. வேலைக்கிப் போயிட்டேன். பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கப்பாகிட்ட சொன்னேனே."

கல்யாணமாகி இருபது வருஷம்! எங்கள் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அங்கேயே நின்று காடாம்புலியூருக்குப் போன் போட்டேன். என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

"ஏம்பா, இவருக்கு அரியர் இருக்குதுன்னு உன்கிட்ட சொன்னாரா?"

"சொன்னாரேம்மா. ரொம்ப நல்லது மாப்ளன்னு நான்கூட சொன்னேனே. ஏன், இன்னுமா வரல?"

நெய்வேலியில் அரியர் என்றால், சம்பள ஒப்பந்தம் போட்டதும் மொத்தமாகக் கைக்கு வருகிற பாக்கி. ஃபெயிலான பேப்பருக்கும் அதே பெயர்தான் என்று என் அப்பா கண்டாரா? பி.ஏ.வை அவரே ஆசையாகப் பத்திரிகையில் சேர்த்திருக்கிறார். சத்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அச்சுல பாத்ததுமே வாயத் தொறக்க வேண்டியதுதானே?"

"ஊரு பூரா குடுத்து முடிச்சிட்டாங்க அம்சா. பயந்துட்டேன்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சான்றிதழ் விசாரணைக்கு வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சத்யா அந்தக் கேள்விக்கு இல்லை என்று போட்டிருந்தால் இவர் குட்டு வெளிப்பட்டே இருக்காது. அது தெரிந்தும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். ஆபீசில் நல்ல கூட்டம். உதவியாளர் ராஜாங்கம் இவரைப் பார்த்ததும், "என்னா யுனிவர்சிட்டி, நீங்களே பட்டதாரி இல்லன்னா எப்படிங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது.

"நீங்க படிக்கலீங்களா?" என்று வி.ஏ.ஓ. அம்மா கேட்டார்.

"படிச்சேங்க. பாஸ் பண்ணல. ஒரு பேப்பர் போயிடுச்சிங்க." மார்க் ஷீட்டுகளை மேஜை மேல் வைத்தார். குரலைத் தாழ்த்தவே இல்லை. பின்னால் நின்றிருந்த பெல்ட் செக்‌ஷன் ஆள் ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டான்.

"மூணு வருஷம் படிச்சும் பட்டம் இல்லாமப் போச்சேன்னு வருத்தமா இல்லீங்களா?"

"வருத்தந்தாங்க. ஆனா அங்க இருந்த மூணு வருஷத்த என்கிட்டேருந்து யாரும் புடுங்க முடியாதுங்களே."

என் கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. இத்தனை பேர் நடுவில் இப்படி நிமிர்ந்து நின்று சொல்ல எத்தனை பட்டதாரிக்கு வரும்?

சான்றிதழ் வந்தது. சத்யாவுக்குச் சீட்டும் கிடைத்தது. அவள் கல்லூரியில் சேர்ந்த மாதமே இவருடைய பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. பழைய மாணவர்கள் விட்டுப்போன பேப்பரை எழுத ஒரு சிறப்பு வாய்ப்பு, கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கிறது. நான்தான் முதலில் துள்ளினேன்.

"கட்டுங்க பீஸ. நானே புத்தகம் வாங்கியாரேன். பேருக்குப் பின்னால இருக்கற பி.ஏ. இனிமேலாவது நெசமாவட்டும்."

அவர் அந்தச் செய்தியை நாலு தடவை படித்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வேணாம் அம்சா."

"ஏன், பயமா?"

"நான் இப்ப எழுதிப் பாஸாயிட்டா இந்த வூட்டுல மொதல் பட்டதாரி நானாயிடுவேன். அது சத்யாவோட எடம். அவ முடிக்கட்டும், நான் ரெண்டாவதா வரேன்."

"அதுக்குள்ள இந்தச் சான்ஸெல்லாம் நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தட்டும்."

கடைசித் தேதி தாண்டும் வரை அவர் சிதம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்கு வீடு வீடாகவே இல்லை.