அத்தை போட்டுக்கொண்ட ஊசி

அப்பாவின் தங்கை மதராஸிலிருந்து வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு யோசனைதான்: எனக்கு என்ன கொண்டுவருவாள்? அப்போது எனக்கு எட்டு வயது. மலாயாவில் பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக அப்பா இருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்தறை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர், மற்ற நாளெல்லாம் அப்பா.

கப்பலில் வந்து ரயில் ஏறிய அத்தை, இறங்கியதும் எங்களைப் பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்க வந்தவர்களைத்தான் பார்த்தாள். "மெதுவா, மெதுவா. உள்ள பூராவும் கண்ணாடி" என்றாள். கண்ணாடி என்றால் வளையல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாட்டுவண்டியில் வீடு வந்து சேரும்வரை மனதுக்குள் நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்தால் வைக்கோலுக்குள் உருண்டை உருண்டையாகக் குடுவைகள், கொக்குக் கழுத்துப் புட்டிகள், குழாய்க்குள் குழாய். ஒரு வளையல்கூட இல்லை.

அம்மா ஒரு குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சமைக்கிறது?" என்று கேட்டாள்.

"மருந்து சமைக்கலாம் அண்ணி."

அத்தை ரசாயனம் படித்தவள். அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண். படித்து முடித்து இரண்டு வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பெருநோய்க்கு, அதாவது தொழுநோய்க்கு, மருந்து செய்யும் இடத்தில் இருந்தாள். பிறகு அந்த இடத்துக்கு ஓர் ஆண் கிடைத்துவிட்டார். மாப்பிள்ளை தேடிப் போன இடங்களில் படிப்பைக் கேட்டுப் பயந்தார்கள். வேலை தேடிப் போன இடங்களில் பெண் என்று பயந்தார்கள். "இங்க வந்துடு, ஆஸ்பத்திரியில கூடமாட இரு" என்று அப்பா எழுதினார். அவர் மனதில் மாப்பிள்ளைதான் இருந்தது. கடிதத்தில் அதை எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உடைந்த கட்டில்கள் கிடந்த அறையை அத்தை கழுவி எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் அங்கிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. நீரடிமுத்து என்று ஒரு கொட்டை. அதன் எண்ணெய்தான் அந்தக் காலத்தில் பெருநோய்க்கு இருந்த ஒரே மருந்து. குடித்தால் குமட்டி வாந்தி வரும். ஊசியில் ஏற்றினால் தசைக்குள் கட்டியாக நின்று சீழ் பிடிக்கும். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பாலெடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அப்பா அந்த ஊசியை ஒருமுறை போட்டார். இரண்டாவது ஊசிக்கு அந்த மனிதர் வரவில்லை; தோட்டத்தை விட்டே ஓடிவிட்டார்.

அந்த எண்ணெயோடு சாராயச் சத்தையும் அமிலத்தையும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, கழுவி, வடித்தால், தண்ணீர் மாதிரி மெலிந்து வரும். அதை உடம்பு ஏற்றுக்கொள்ளும். இது அத்தை கண்டுபிடித்ததல்ல. வேறு இடங்களில் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அந்த மருந்தும் எரிந்தது. ஊசி போட்ட இடத்தில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். "எரிஞ்சா ரெண்டாவது தடவை யாரும் வரமாட்டாங்க. வராதவங்களுக்கு மருந்து எப்படி வேலை செய்யும்?" என்பாள் அத்தை. எரியாமல் செய்ய வேண்டும் என்பதுதான் அவளுடைய பிடிவாதம். ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விதமாகக் கலந்து, நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பாள்.

தோட்டத்தில் இதற்கு வேறு பெயர் வைத்தார்கள். டிரஸ்ஸர் தங்கச்சி சம்சு காய்ச்சுகிறாள் என்று பேச்சு. திருட்டுச் சாராயம் என்றால் தோட்டத்துத் தொரைக்கு ஆகாது. விசாரித்து வரும்படி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாரை அனுப்பினார்.

கிராணியார் முப்பது வயதுக்காரர். வெள்ளைக் கால்சட்டை, நல்ல குடை. வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க ஏதோ காய்ச்சுறதா தொரைக்குச் சேதி வந்திருக்கு" என்றார்.

"காய்ச்சுறது நிஜந்தாங்க" என்றாள் அத்தை. "ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்களேன்."

அவரும் கடமை தவறாதவர், வைத்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் குடையை அங்கேயே போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார். நான் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்தது. ஆனால் அடுத்த வாரமும் வந்தார், சம்சு இல்லை என்று இன்னொரு முறை உறுதி செய்துகொள்ள. அதற்கடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து ரப்பர் குழாய் வாங்கிவந்தார். பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தை மாதம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் எனக்குத் தலைக்கு ஊற்றிவிடும்போது, முழங்கைக்கு மேலே பின்பக்கம் வெளிறிய தேமல் ஒன்றை அத்தை பார்த்தாள். ஒரு காசு அகலம். துவட்டிவிட்டு மருந்தறைக்குக் கூட்டிப்போய், "வா, ஒரு விளையாட்டு. கண்ண மூடிக்கோ. நான் தொடுறப்ப எல்லாம் 'தொட்டீங்க'ன்னு சொல்லணும். சரியாச் சொன்னா பிஸ்கட்" என்றாள்.

எனக்குப் பிஸ்கட் வேண்டும். பக்கவாட்டில் இருந்த மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் என் முழங்கையும் அத்தையின் கையும் நன்றாகத் தெரிந்தன. இமையிடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னேன். பஞ்சால் தொட்டாள், சொன்னேன். கோழி இறகால் தொட்டாள், சொன்னேன். கடைசியில் குண்டூசியால் குத்தினாள். தேமலில் இரத்தம் ஒரு முத்தாக வந்து நின்றது. நான் சிரித்துக்கொண்டே "இப்பவும் தொட்டீங்க!" என்றேன்.

அத்தை பிஸ்கட் டின்னையே என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஏமாற்றி ஜெயித்தது தெரிந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. டின் கைக்கு வந்துவிட்டதால் அந்தப் பயம் நெடுநேரம் இருக்கவில்லை.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது என்னை நிறுத்திவைத்து மூன்று பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். அப்பா அதிகம் பேசவில்லை. அத்தைதான் பேசினாள், நோட்டுப்புத்தகத்தைக் காட்டிக் காட்டி. எனக்குத் தெரிந்த இரண்டு இங்கிலீஷ் சொற்களில் ஒன்று பிஸ்கட். அது அந்தப் பேச்சில் வரவே இல்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை திடீரென்று உயர்ந்துவிட்டது. எனக்கென்று தனித் தட்டு, மீன் படம் போட்டது. தனிப் பாய். அத்தையும் அதேபோல ஒரு தட்டு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எதுவும் கிடைக்காத தம்பி அழுதான். சனிக்கிழமைதோறும் எனக்கு ஓர் ஊசி. "உயரமா வளர்றதுக்குச் சத்து ஊசி. வெளிய சொன்னா எல்லாப் பிள்ளைங்களும் கேக்கும், மருந்து பத்தாது" என்றாள். கொஞ்சம் கடுக்கும், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்னறைக் கதவிடுக்கில் பார்த்தேன். அத்தை முக்காலியில் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கி, தன் தொடையில் தானே ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி எழுதினாள். அத்தைக்கும் வளர ஆசை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அவள் ஏற்கெனவே அப்பா உயரம். அப்படியானால் அது வேறு ஊசியாகத்தான் இருக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பைப்படியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை ஆனா அந்த வியாதிக்கார மருந்து ஒங்க வீட்டுக்குப் போவுதாமே, யாருக்கு?" என்று கேட்டாள்.

என் ஊசியைப் பற்றித்தான் சொல்லக்கூடாது என்றிருந்தார்கள். அத்தையின் ஊசியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. "எங்க அத்தைக்கு" என்றேன். "தொடையில தானே குத்திக்கிறாங்க. நான் பாத்தேன். அவங்களுக்குத் தனித் தட்டு."

"அலமாக்!" என்று மலாயில் அலறி வாளியைப் போட்டாள். பெரியவர்கள் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவை. எத்தனை ஊசி, எவ்வளவு பெரிய ஊசி என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டதற்கு மேலேயே சொன்னேன்.

இரண்டே நாளில் துணி வெளுப்பவர் எங்கள் மூட்டையை எடுக்க மறுத்தார். மருந்து வாங்க வந்தவர்கள் அத்தை இருந்தால் படியிலேயே நின்றார்கள். மூன்றாம் நாள் கிராணியார் வந்தார். நான் தரையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"தோட்டம் பூராவும் ஒரு பேச்சு" என்றார். "நான் நம்பல. நீங்க இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அத்தை அடுப்புத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஊசி போட்டுக்கிட்டது நிஜந்தாங்க."

"எதுக்கு?"

"மருந்து எதுக்குப் போடுவாங்க?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். சிலேட்டு எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு போனார்.

இதன் பொருள் எனக்குத் தெரியவந்தது பத்து வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம். அம்மா என்னைத் தனியே உட்காரவைத்துச் சொன்னாள். அந்தக் காலத்தில் பெருநோய் என்று தெரிந்தால் குழந்தையானாலும் பிடித்துக்கொண்டுபோய் தூரத்தில் மதிலுக்குள் வைத்துவிடுவார்கள். திரும்பி வந்தாலும் யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆறு மாதம் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறேன் என்று அத்தை டாக்டரிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குப் போகவேண்டிய மருந்தை முதல் நாளே தன் உடம்பில் ஏற்றி, எவ்வளவு எரிகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்தாள். பைப்படியில் நான் பேசியது தெரிந்ததும் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறாள். அத்தைதான் பிடித்துக்கொண்டாளாம். "விடுங்க அண்ணி. எனக்கில்லைன்னு சொன்னா, பின்ன யாருக்குன்னு அடுத்த கேள்வி வரும். இதுவே இருக்கட்டும்."

"நாங்களும் இருக்கட்டும்னு விட்டுட்டோம்" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது மாதம் அத்தை தேமலில் குண்டூசியை வைத்த உடனேயே நான் வீடு அதிர அலறினேன். அப்பா ஓடிவந்தார். நான் அழ அழ, அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியவர்களுக்கு இரக்கமே கிடையாது என்று அன்று தீர்மானித்தேன். அடுத்த முறை வந்த டாக்டர் ஊசி போதும் என்றார். சில தேமல்கள் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டாம். பிற்காலத்தில் அத்தையே அதைச் சொன்னாள். "ஒரு பிள்ளைய வச்சு எதையும் நிரூபிக்க முடியாது" என்பாள். நிரூபிப்பதற்காகத்தான் எனக்கு ஊசி நின்ற மறு வருஷம் சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அவள் முறைப்படி வடித்த மருந்து மதிலுக்குள் இருந்தவர்களுக்குப் போனது. இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் அவர்கள் தாமாகவே வந்து நின்றார்கள் என்பதுதான் அவள் சொல்லிக்கொண்ட ஒரே பெருமை. யுத்தம் முடிந்து நல்ல மாத்திரை வந்தபோது எண்ணெய்ப் புட்டிகளைத் தானே காலி செய்து கழுவிக் கவிழ்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கிராணியார் செய்துகொண்டார். நான் சொல்லவந்தது அந்த நாளைத்தான். எனக்கு ஊசி நின்று ஒரு மாதம் இருக்கும். பெண் வீடு பக்கத்து ஊரான சிகாமட்டில். குடும்பத்தோடு வரச்சொல்லிப் பத்திரிகை வைத்திருந்தார். அத்தைதான் எனக்குத் தலைபின்னிப் பூ வைத்துவிட்டாள்.

"நீங்க வரலையா அத்தே?"

"அடுப்புல எண்ணெய் இருக்கும்மா. பாதியில விட்டா கெட்டுப்போயிடும்."

தாலி கட்டிப் பந்தி முடிந்தபின், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த கிராணியார் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குனிந்து மெதுவாக, "அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க. எனக்குத்தான் இப்ப ஊசி கிடையாது. முடிஞ்சுபோச்சு" என்றேன் பெருமையாக.

"ஒனக்கா?"

"ஆமா. சனிக்கிழமை ஊசி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாலையிலிருந்து பூத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். தாம்பாளத்திலிருந்து ஒரு லட்டை எடுத்துக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்து, "அத்தைகிட்ட குடு" என்றார். நான் உளறியதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் எனக்குக் கல்யாணம் நடந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் பின்னறைக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. நடந்ததை அப்படியே ஒப்பித்தேன், நான் சொன்னதையும் சேர்த்து. அத்தை அடுப்புத் திரியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கல. லட்டு குடுத்தார்."

அத்தைக்கு இனிப்பே ஆகாது. பொங்கலுக்குக்கூட நாக்கில் தொட்டுவிட்டு வைத்துவிடுவாள். அன்றைக்கு அந்த லட்டை நின்றபடியே, மெதுவாக, காகிதத்தில் ஒட்டியிருந்த கடைசிப் பூந்திவரை தின்று முடித்தாள். இவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னொன்று கேட்டு வாங்கி வந்திருப்பேனே என்றுதான் அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது.