கருமணல் கடந்து ஓர் அருவி: நேசனின் தாயாருக்கு அந்தியேட்டி

நடந்தது முழுவதையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வெயில் எரிக்கும், மணல் வழிமறிக்கும், அருவியடியில் நேசன் அழுவான், அழுது முடித்து நிமிர்ந்து நடப்பான் என்று புறப்படும்போதே சொன்னேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான் நான்; ஆனாலும் இப்படியான விஷயங்களில் என் வாக்குத் தப்பியதில்லை.

எண்பத்தாறு, ஜனவரி கடைசி; ஒக்லாந்தில் அது கொளுத்தும் கோடை. நேசனின் தாயார் யாழ்ப்பாணத்தில் காலமான செய்தி தந்தியாக வந்துசேரவே ஒன்பது நாள் பிடித்தது. நேசன் ஒரே பிள்ளை. விசா முடிவாகவில்லை, வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். மிஞ்சியிருந்தது முப்பத்தோராம் நாள் பிண்டம் கரைக்கிற அந்தியேட்டி ஒன்றுதான். ஊரில் அதற்குக் கீரிமலை இருக்கிறது, கடலோரத்து நன்னீர்க் கேணி. ஒக்லாந்தில் அன்றைக்கு எங்களுக்கென்று ஓர் ஐயர்கூட இல்லை.

“இதையாவது என்ர கையால செய்யவேணும் அண்ணை. இல்லாட்டி நான் என்ன பிள்ளை?” என்றான்.

“நன்னீர் விழுந்து கடலுக்கு ஓடுற இடம் ஒண்டு எனக்குத் தெரியும். நீர் யோசிக்காதையும்” என்றேன். வேலையிடத்தில் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். கேட்டால் எனக்குப் பார்த்த மாதிரித்தான்.

நாங்கள் இருந்த மனுகாவிலிருந்து மேற்குக் கரையில் உள்ள தெ ஹெங்காவுக்கு 55 கிலோமீற்றர். என் பழைய வான் வண்டியில் ஒன்றேகால் மணித்தியாலம், போய்வர பெற்றோல் பன்னிரண்டு டொலர். கடைசித் துண்டு சரளைப் பாதை. காலை பத்தே முக்காலுக்கு இறங்கினோம். நேசன் கையில் சாப்பாட்டுப் பெட்டி. அதற்குள் எள்ளுக் கலந்து பிடித்த பிண்டம். பிதுர் காரியத்துக்குச் செருப்போடு போவதா என்று இரண்டு சோடியையும் வானுக்குள் போட்டுப் பூட்டினேன். தூண்டிலோடு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எங்கள் கால்களைப் பார்த்து, தன் சப்பாத்தைத் தட்டிக் காட்டித் தலையாட்டினார். எங்கள் பாதத்தின் உரம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

ஓடைத் தண்ணீரில் காலை நனைத்தபடியே, அருவி விழுகிற ஏரிவரை போகலாம். நான் மணல்மேட்டால் குறுக்கு வழி பிடித்தேன். மேடுமேடாகக் கறுத்த மணல், பச்சை என்று பேருக்கும் இல்லை. சகாராவைக் கப்பலில் இருந்தபடி பார்த்தவன் சொல்கிறேன், இதன் பக்கத்தில் அது ஒன்றுமில்லை. கறுப்பு மணல் வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு பாதத்தில் கக்கியது.

“அண்ணை, கால் வேகுது.”

“நடவும், நடவும்.”

“உங்கட கால் என்ன இரும்போ?”

“இந்த மண்ணும் இரும்புதானாம். அதுதான் ஒத்துப்போகுது.”

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிழமை வேலைக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான். நேசனின் இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டன. ஏரிக்கரையில் இறங்கி, பற்றைக்குள்ளால் நொண்டி நொண்டி அருவியை அடைந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து.

பெரிய அருவி இல்லை. பாறையில் வழுக்கி விழுந்து, ஏரிக்குள் போய், ஏரியிலிருந்து ஓடையாகிக் கடலுக்குப் போகிறது. இடுப்பளவு தண்ணீரில் நேசன் பெட்டியைத் திறக்காமல் நின்றான்.

“இது கீரிமலை இல்லையே அண்ணை. அம்மாவுக்குப் போய்ச் சேருமோ?”

பெட்டியை மூடியபடியே கரைக்குத் திரும்ப ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டான். அங்கிருந்து அவனை அப்படியே கூட்டிக்கொண்டு போயிருந்தால், அவன் மிச்சக் காலத்துக்கும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்திருப்பான்.

“கீரிமலை ஐயர் எனக்குத் தன்ர வாயால சொன்னவர்,” என்றேன். “நன்னீர் விழுந்து கடலைத் தொடுற எந்த இடமும் கீரிமலைதானாம். பிண்டத்தைக் கரையும்.”

“மெய்யாவோ?”

“ஓம்.”

அவன் தாயின் பேரைச் சொல்லிப் பிண்டத்தைக் கரைத்தான். நான் தெரிந்த தேவாரத்தைத் தெரிந்த மட்டும் பாடினேன். பிறகு மூன்று தரம் மூழ்கி எழுந்தான். அருவிச் சத்தத்தில் அவன் அழுத சத்தம் கேட்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. திரும்பும்போது ஓடை வழியால், தண்ணீருக்குள்ளேயே நடந்தோம். கொப்பளக் காலோடு அவன்தான் முன்னால் போனான்.

போக நினைப்பவர்களுக்கு: செருப்பை விடாதீர்கள். மணல்மேட்டைத் திரும்பிவரும்போது பாருங்கள், போகும்போது ஓடைதான் வழி. கோடையில் ஒன்பது மணிக்கு முன்னே நடையைத் தொடங்குங்கள். அங்கே கடை இல்லை, குடிதண்ணீர் கொண்டுபோங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

நேசன் மற்றவர்களுக்குச் சொல்லி, அதற்குப் பிறகு ஆறேழு குடும்பங்கள் அங்கே போய்த் தாய்தகப்பனுக்குக் கடன் கழித்திருக்கின்றன. போன கிழமையும் ஒரு பிள்ளை தொலைபேசியில் கேட்டாள்: “மாமா, அங்க செய்யலாமெண்டு ஐயர் சொன்னவராமே?” அவளுடைய தகப்பனுக்கு வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள். அவளுக்கு என்னால் உடனே ஓம் போட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அருவி மெய். மணல் மெய். நேசன் அழுததும் மெய். ஆனால் எந்த ஐயரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அது நான் அந்தத் தண்ணீருக்குள் நின்று சொன்னது.