ஒலிபெருக்கியில் கேட்ட மூச்சு

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பிள்ளை தொலைந்துபோய் அழுகிறது என்பதையெல்லாம் மாடியிலுள்ள கண்ணாடிக் கூண்டிலிருந்து சொல்வாள். எல்லோருக்கும் அவள் மைக்கம்மா.

காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாள். கழிப்பறை கீழே மறுகோடியில் இருந்ததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். பசித்தால் இழுப்பறையில் பிஸ்கட் இருந்தது. ஒல்லிக்குச்சியாக வேலைக்குச் சேர்ந்தவள், நாற்காலியின் கைப்பிடிகள் இடுப்பை நெருக்கத் தொடங்கியதும் கைப்பிடி இல்லாத நாற்காலியாகக் கேட்டு வாங்கினாள்.

ஒருமுறை தொண்டைக்கட்டு என்று டாக்டரிடம் போனாள். வாயைத் திறக்கச் சொல்லுமுன் அவர் எடை மெஷினில் ஏறச் சொன்னார். வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும்படி எடையைப் படித்துவிட்டு, “முதல்ல உடம்பக் குறைங்க, எல்லாம் தன்னால சரியாயிடும்” என்றார். அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டர் வீட்டுப் படியும் ஏறவில்லை.

அதனால்தான் இடது கெண்டைக்கால் வலித்தபோதும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சுளுக்கு என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கால் வீங்கியது, தொட்டால் சுட்டது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு கால்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். இடது கால் வேறு யாருடையதோ போல இருந்தது. புடவையைத் தரையைத் தொடும் நீளத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கணவன் பணிமனையில் மெக்கானிக். “என்ன, காலை இழுத்து இழுத்து நடக்கற?” என்று கேட்டான்.

“செருப்பு கடிக்குது.”

“கழட்டு, பாக்கறேன்.”

“வண்டிக்கு டயர் பாக்கற மாதிரி என்னைப் பாக்காதீங்க.”

அவன் சிரித்துவிட்டான். பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் காலை, மாடி ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. அது பழகியதுதான். ஆனால் உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை. காற்றை உள்ளே இழுக்கும்போதெல்லாம் விலாவில் ஊசி குத்தியது. மைக்கின் பொத்தானை அழுத்தி, “பயணிகள் கவனத்திற்கு” என்றாள். அடுத்த சொல் வரவில்லை. விரல் பொத்தானிலேயே இருந்தது.

நிலையம் முழுக்க அந்த மூச்சு கேட்டது. இழுத்து, தடுக்கி, பாதியில் அறுந்து, மறுபடி இழுக்கும் மூச்சு. மைக் ரிப்பேர் என்று யாரோ சொன்னார்கள். பிறகு அதையும் யாரும் சொல்லவில்லை. கீழே விசாரணை அறையில் வேலை பார்த்த அவளுடைய தோழி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு மாடிக்கு ஓடினாள்.

“அக்கா, என்னக்கா செய்யுது?”

“நான் செத்துடுவேனாடி?”

அந்தக் கேள்வியும் மைக்கில்தான் போனது. தோழி அவள் விரலைப் பிடித்து எடுத்தாள்.

படிக்கட்டு குறுகல். ஓட்டுநர்கள் நாலு பக்கமும் பிடித்து நாற்காலியோடு தூக்கினார்கள். உதடு நீலம் பாரித்த அந்த நிலையிலும் அவளுக்குக் கூச்சம் போகவில்லை. “நான் கனம்ப்பா, விட்டுடுவீங்க” என்று முனகினாள்.

“பஸ்ஸையே தள்ளின கைங்கம்மா. பேசாம இருங்க” என்றார் ஒருவர்.

மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர் நேராகக் காலைத்தான் பார்த்தார். “கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. அதுல ஒரு துண்டு பிஞ்சு போய் நுரையீரல்ல அடைச்சிருக்கு. மணிக்கணக்கா அசையாம உக்காந்தா வரும். எடை கூட இருந்தா இன்னும் சுலபமா வரும். வீங்கினதுமே ஏன் வரல?”

“வந்தா திட்டுவாங்கன்னு பயம்.”

டாக்டர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினார். “அந்தத் திட்டுதான் உங்கள இங்க கொண்டுவந்திருக்கு” என்றார்.

ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். அந்த வாரம் முழுவதும் கணவன் கட்டிலருகே உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இருமினால் அவன் எழுந்து நின்றுவிடுவான்.

பிழைத்து வந்தாள். நிலையமே அந்த மூச்சைக் கேட்டிருந்ததால், அவள் வாய் திறக்காமலே அறிவிப்பு அறையைக் கீழே மாற்றிவிட்டார்கள். மாத்திரை தொடர்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே எழுந்து நடக்கிறாள். எடை மெதுவாக இறங்குகிறது. பயம்தான் இறங்கவில்லை. வேகமாக நடந்து மூச்சு வாங்கினாலே நின்று, அது அடங்கும்வரை எதையாவது பிடித்துக்கொள்கிறாள்.

ஒருநாள் தோழி சாப்பிடும்போது, “எனக்கும் கெண்டைக்கால் வலிக்குதுக்கா, நாள்பூரா உக்காந்தே இருக்கேன்ல” என்றாள், ஏதோ பேச்சுவாக்கில்.

மைக்கம்மா சாப்பாட்டை மூடிவைத்தாள். “எழுந்திரு.”

“சாயந்தரம் போலாம்.”

“இப்பவே எழுந்திருடி.”

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் உட்காரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் தசைப்பிடிப்புதான் என்றார்கள். வெளியே வந்த தோழி, “பாத்தியா, வீணா அரை நாள் லீவு” என்று சிரித்தாள். மைக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் கையை விடவில்லை.