மெஹருன்னிசா சிஸ்டரும் அரை மில்லிமீட்டரும்

சிஸ்டரின் தம்பி சுலைமான் பாய் போன் செய்தபோது, காஞ்சிபுரத்தில் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறையில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றார். உத்திரமேரூரில் முப்பது வருடம் நர்சாக இருந்த மெஹருன்னிசா சிஸ்டரை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய கடைசி மாதங்களைத் தெரிந்தவர்கள் குறைவு.

நான் அவருடன் வேலை பார்த்த காலத்தில், பாம்பு கடித்த மகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். உயிர் இருக்கிறதா என்று எங்களைக் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். "இல்லப்பா. வழியிலயே போயிடுச்சு" என்றார் சிஸ்டர். பிறகு எங்களிடம், "அவனுக்கு இனிமே செய்ய வேண்டியது நெறைய கீது. ஏன் நிக்க வெக்கிறீங்க?" என்று கடிந்துகொண்டார்.

ஓய்வு பெற்ற பின் அவருடைய இதய வால்வு சுருங்கிப்போனது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. நுரையீரலும் கெட்டிருந்ததால் நெஞ்சைத் திறக்க முடியாது என்றார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை வைக்கும் முறை அப்போதுதான் வந்திருந்தது. சென்னையில் சிலருக்கு மட்டும் செய்யப்போவதாகக் கேள்விப்பட்டோம். வால்வு உட்காரும் வளையம் குறைந்தது பதினெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

அளந்தவன் நான். மூன்று முறையும் பதினேழரை வந்தது. நான்காவது முறை, பதினெட்டு வரும்படி திரையில் அளவுக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"வருதா?" என்றார்.

"வருது சிஸ்டர். பதினெட்டு."

பலூனால் வால்வைத் தற்காலிகமாக விரித்துவிடலாம் என்று இன்னொரு டாக்டர் சொன்னதை, புது வால்வே வரப்போகிறது என்று சிஸ்டர் மறுத்துவிட்டார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டு மறுபடி அளந்தார்கள். பதினேழுதான். அன்றே திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் பலூனையும் தாங்க முடியாத அளவுக்கு உடம்பு தளர்ந்திருந்தது.

நான் போய் நடந்ததைச் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்.

"இன்னா வந்துச்சு மொதல்ல?"

"பதினேழரை."

"தெரிஞ்சிதான் போட்டியா?"

"ஆமா சிஸ்டர். மன்னிச்சிடுங்க."

வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "மாட்டேன். மன்னிச்சா நாளைக்கு இன்னொருத்தருக்கும் போடுவ" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் நான் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த "மாட்டேன்" ஒன்றுதான். அன்று போனை வைத்துவிட்டு, படுத்திருந்த நோயாளியின் அளவை எடுத்தேன். வந்ததை எழுதினேன்.