டிக்கெட் அக்கா பார்த்த திமிங்கலம்

"வாந்தி வருமா?" என்பதுதான் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். கடல் உயிரியல் படித்த கையோடு, திமிங்கலம் காட்டும் படகு நிறுவனத்தில் சேர வந்திருந்தேன். வேலைக்கு வந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"இருக்கட்டும் தம்பி, வேலைக்கு வந்தவங்களுக்கும் வரும்" என்றார்.

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் டிக்கெட் அக்கா. குளிர்ந்த கடலில் மேய்ந்த திமிங்கலங்கள் குட்டி ஈனுவதற்காக வருடந்தோறும் இந்தக் கரையோரமாகப் போவதையும், குட்டியோடு திரும்புவதையும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவர் சொல்லும் அழகில், சும்மா விசாரிக்க வந்தவர்களும் டிக்கெட் எடுத்துவிடுவார்கள். ஆனால் அவர் ஒரு திமிங்கலத்தைக்கூடப் பார்த்ததில்லை. படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டினாலே அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். பார்க்காத மாப்பிள்ளைக்கு இவ்வளவு வர்ணனையா என்று படகோட்டி சீண்டுவார்.

"பாத்துக் கட்டுன பொண்டாட்டியப் பத்தி நீங்க ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க பாப்போம்" என்பார் அக்கா.

அந்தப் பருவத்தின் நடுவில், படகில் மைக் பிடித்து விளக்கம் சொல்பவர் வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்தை அக்கா கேட்டார். முதலாளி சிரித்துவிட்டு, ஒரே ஒரு தடவை படுக்காமல் போய்த் திரும்பினால் வேலை உங்களுக்கு, இல்லையென்றால் வெளியாள்தான் என்றார்.

அக்காவைப் படகில் ஏற்றுவதற்கென்றே அங்கே ஒரு முறை உண்டு. பின்பக்க அறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். எல்லாம் பாசத்தில்தான். டீசல் புகை முழுக்க அந்த அறைக்குள்தான் வரும் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. அன்றைக்கும் படகோட்டி பழத்தோடு நின்றார். அக்கா அதை வாங்கிப் பைக்குள் போட்டார்.

"கண்ண மூடிட்டுப் போறதுக்கு நான் வீட்லயே இருந்திருப்பேனே."

நேரே முன்முனைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மைக்கை அவரிடம் கொடுத்தேன்.

சுவரைத் தாண்டியதும் வாந்தி எடுத்துவிட்டார். சற்று நேரத்தில் மறுபடியும். பயணிகள் நெளிந்தார்கள். உள்ளே வந்து படுங்கள் என்று படகோட்டி கெஞ்சினார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு மைக்கை உயர்த்தினார்.

"என்னப் பாக்காதீங்க, கடலப் பாருங்க."

படகே சிரித்தது. குனிந்தால் குமட்டும் என்பதால் அவர் தொடுவானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. திமிங்கலத்தின் மூச்சு நீர்த்தூணாக எழுந்ததை அதனால்தான் எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டார். வலப்பக்கம் என்று கத்தினார். கரிய முதுகொன்று மலைபோல் எழும்பியது. அதை ஒட்டியே இன்னொரு சின்ன முதுகு. இத்தனை வருடம் வாய் ஓயாமல் சொன்ன காட்சி எதிரே நிற்க, மைக்கில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டுமே கேட்டது.

"அம்மாவும் புள்ளையும்" என்றார் பிறகு. அதற்குப் பின் கரை சேரும்வரை பேச்சு நிற்கவில்லை.

படகுத்துறையில் முதலாளி காத்திருந்தார். படுத்தாரா என்று படகோட்டியைக் கேட்டார்.

"படுக்கறதா? எங்களையே உக்கார விடலங்க."

இப்போது காலைப் படகில் அக்காதான் பேசுகிறார். சுவரைத் தாண்டியதும் இன்றும் ஒருமுறை எடுக்கிறார், துடைத்துக்கொண்டு தொடர்கிறார். டிக்கெட் கொடுப்பது படகோட்டியின் மனைவி.